அரை ஸ்பூன் ஓட்டுத்தூள்: மலையில் நாய்க்குச் சமைப்பது

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, எந்த ஊர்க் கோழிக்கடையானாலும் "நாய்க்கு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தலை, கால், கழுத்து, தோல் எல்லாம் சேர்த்து நிறுத்துக் கொடுத்துவிடுவார்கள். (பாத்திரம் மட்டும் நாம் கொண்டுபோக வேண்டும். மாவட்டத்தில் பிளாஸ்டிக் பைக்குத் தடை. மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு உத்தமம்.) அதை ரேஷன் அரிசியோடு குக்கரில் ஏற்றி, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போட்டு இறக்கினால் நாய்ச்சோறு ஆயிற்று. நாயும் தட்டை நக்கித் துடைத்து வைத்துவிடும். அதைப் பார்த்ததும் நாம் சரியாகத்தான் போடுகிறோம் என்ற தெம்பு வந்துவிடுகிறது.

விரும்பித் தின்கிறதே என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கறிச்சோற்றில் இருக்கும் குறை மாதக் கணக்கில் வெளியே தெரியாது. எலும்பிலும் ஈரலிலும் சேர்த்து வைத்திருப்பதை எடுத்து உடம்பு ஓட்டிக்கொண்டிருக்கும். 2013இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள், வளர்ந்த நாய்களுக்கான 200 வீட்டுச் செய்முறைகளை எடுத்துச் சத்துக்கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். புத்தகங்களிலும் இணையத்திலும் வந்தவை. சில, கால்நடை மருத்துவர்களே எழுதியவை. 95 சதவீதத்தில் குறைந்தது ஒரு அத்தியாவசியச் சத்தாவது தேவைக்குக் கீழே இருந்தது. அளவுகள் எழுதிய செய்முறைகளுக்கே இந்தக் கதி என்றால், கைப்பக்குவத்தில் வேகும் நம் வீட்டுச் சோற்றைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

முதலில் கால்சியம். தோலும் எலும்பும் நீக்கிய கோழிக்கறி 100 கிராமில் பாஸ்பரஸ் 190 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. கால்சியமோ 10 மில்லிகிராமைச் சுற்றித்தான். நாயின் உடம்பு கேட்பது இதற்கு நேர் எதிர்: பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் ஒன்றேகால் பங்கு. அந்தக் கால்சியம் தட்டில் வராவிட்டால் எலும்பிலிருந்து உருவப்படும். வளர்ந்த நாய்க்குத் தாடை எலும்பு மெலிந்து பல் ஆடும். குட்டிக்கு முன்னங்கால் வளையும், குதித்து இறங்கினாலே எலும்பு முறியும்.

கால் வளைந்த குட்டியைப் பார்த்தால், "இந்த ஊரில் வெயிலே இல்லையே, அதான். வெயில் வரும்போது வெளியே கட்டிப்போடுங்கள்" என்று சொல்லாதவர் இல்லை. மனிதக் குழந்தைக்கு அது பொருந்தும். நாயின் தோலோ வெயிலிலிருந்து வைட்டமின் டி-யைப் போதிய அளவு தயாரிப்பதில்லை. மேட்டுப்பாளையத்து வெயிலில் நாள் முழுக்கப் படுத்திருந்தாலும் அதற்கு டி சாப்பாட்டில்தான் வர வேண்டும்: மீன், முட்டை மஞ்சள் கரு, கொஞ்சம் ஈரல், மீதி வைட்டமின் கலவையில்.

ராகிக் களியும் கால்சியத்துக்கு ஈடாகாது. ராகி மாவில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு என்பது உண்மை. கூடவே இருக்கும் பைட்டேட் என்ற தானியச் சேர்மம் அதில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அரிசிக்குப் பதில் மாவுப்பொருளாகக் களி தாராளமாகப் போடலாம். கால்சியக் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள்.

கணக்கில் சேர்க்க வேண்டியது முட்டை ஓடு. காசில்லாமல் கிடைப்பது. அதில் பெரும்பங்கு கால்சியம் கார்பனேட். ஒரு ஓட்டை அரைத்தால் ஏறத்தாழ 5 கிராம் தூள், தலைதட்டிய ஒரு டீஸ்பூன். அதில் 1,900 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கும். ஓடுகளைக் கழுவி, கொதிக்கும் நீரில் 10 நிமிடம் போட்டு எடுத்து, ஈரம் போக உலர்த்தி, வெறும் வாணலியில் சிறுதீயில் 10 நிமிடம் புரட்டவும். நிறம் மாறத் தேவையில்லை. விரலால் அழுத்தினால் சடசடவென்று நொறுங்க வேண்டும். மிக்ஸியின் சின்ன ஜாரில் அரைத்து, மைதா சலிக்கும் சல்லடையில் சலித்து, மேலே நிற்கும் கப்பியை மறுபடி அரைக்கவும். நறநறவென்று இருந்தால் பாதி செரிக்காமல் மலத்தோடு போய்விடும். ஜூன் தொடங்கி மழைக்காலம் முழுக்கக் குன்னூர்ப் பக்கம் உப்பு ஜாடியே தண்ணீர் விடும். அந்த ஈரத்தில் சரியாக வறுபடாத ஓட்டுத்தூள் ஒரு வாரத்தில் பூசணம் பிடித்துவிடும். கண்ணாடி பாட்டிலில் இறுக்கி மூடி, ஈரமில்லாத ஸ்பூன் போட்டு எடுங்கள்.

ஓடு கிடைக்காவிட்டால் மருந்துக்கடைக் கால்சியம் கார்பனேட் மாத்திரையும் ஆகும். 1,250 மில்லிகிராம் மாத்திரையில் கால்சியம் மட்டும் 500. வைட்டமின் டி3 கலக்காததாகக் கேட்டு வாங்க வேண்டும். அதைவிட முக்கியம், மனிதர்கள் வாரம் ஒருமுறை பாலில் கரைத்துக் குடிக்கும் 60,000 யூனிட் டி3 பாக்கெட். ஒரே பாக்கெட் 15 கிலோ நாய்க்கு விஷமாகும் அளவு. நாய் எட்டும் இடத்தில் வைக்கவே கூடாது.

இனி அளவு. சமையலறைத் தராசு இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். கைப்பிடிக் கணக்கு ஒவ்வொரு கைக்கும் ஒன்று. நாயின் கிலோ எடையை மூன்று தடவை போட்டுப் பெருக்கி, வரும் எண்ணுக்கு வர்க்கமூலப் பொத்தானை இரண்டு தடவை அழுத்துங்கள். அதை 70ஆல் பெருக்கினால் சும்மா படுத்திருக்க வேண்டிய கலோரி. கருத்தடை செய்த, சாதாரணமாக ஓடியாடும் வளர்ந்த நாய்க்கு அதை மேலும் 1.6ஆல் பெருக்க வேண்டும். 15 கிலோ நாட்டு நாய் என்றால் 15 × 15 × 15 = 3,375; முதல் மூலம் 58.1, இரண்டாவது 7.62, 70ஆல் பெருக்க 534, 1.6ஆல் பெருக்க 854. இதே கணக்கில் 10 கிலோவுக்கு 630, 30 கிலோ லாப்ரடாருக்கு 1,436. எடை இரட்டித்தால் சோறு இரட்டிக்காது என்பதைக் கவனியுங்கள். மலையில் பாதி லாப்ரடார்கள் பீப்பாய் மாதிரி இருப்பதற்கு இந்தத் தவறு ஒரு காரணம். மறு காரணம் மாலை டீயோடு கைமாறும் வர்க்கி.

அந்த 15 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு, எல்லாம் பச்சையாக நிறுத்த எடையில்: தோல் நீக்கிய எலும்பில்லாத கோழிக்கறி 250 கிராம், அரிசி 70 கிராம், கோழி ஈரல் 25 கிராம், முட்டை 1, மத்தி மீன் 50 கிராம், கேரட் 60 கிராம், பீன்ஸ் அல்லது மேரக்காய் (சௌசௌ) 40 கிராம், சூரியகாந்தி எண்ணெய் ஒன்றரை டீஸ்பூன், ஓட்டுத்தூள் 3 கிராம், அதாவது அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் கூட. இது 830 கலோரியை ஒட்டி வரும். கால்சியம் 1,100 மில்லிகிராமுக்கு மேல், பாஸ்பரஸ் 850 அளவில். இரண்டு வேளையாகப் பிரித்துப் போட வேண்டும்.

இத்தனை செய்தும் துத்தநாகம், அயோடின், மாங்கனீஸ், வைட்டமின் ஈ, டி இவை குறையும். உப்பைக் கூட்டினால் அயோடின் சரியாகிவிடும் என்பதும் நடக்காது. அதற்கு எவ்வளவு உப்புக் கொட்ட வேண்டும் என்று பார்த்தால் நாய் தாங்காது. நாய்க்கென்று விற்கும் முழு வைட்டமின்–தாதுக் கலவை ஒன்றைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு, அதன் லேபிளை இந்த அளவுகளோடு சேர்த்துக் காட்டி, எத்தனை கிராம் என்று எழுதி வாங்குங்கள். அதில் கால்சியமும் இருந்தால் ஓட்டுத்தூளைக் குறைக்க வேண்டி வரும். தொழுவத்தில் இருக்கும் மாட்டுத் தாது உப்புக் கலவை இதற்கு மாற்று ஆகாது.

ஒரு வயதுக்குட்பட்ட குட்டிக்கு இந்த அளவு பொருந்தாது. 1,000 கலோரிக்கு வளர்ந்த நாய் கேட்கும் கால்சியம் 1.25 கிராம் என்றால் குட்டி கேட்பது 3 கிராம். பெரிய சாதிக் குட்டிகளுக்கு அதிகமானாலும் எலும்பு கோணும். சிறுநீரகம், கணையம் கெட்ட நாய்க்கும் இது கூடாது.

ஈரலில் கை தாராளமாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மலிவு, நாய்க்கு உயிர், ஆகவே 25 கிராம் 100 கிராமாகிவிடும். ஈரலில் நிறைந்த வைட்டமின் ஏ உடம்பில் தங்கிச் சேரும் சரக்கு. ஆட்டு ஈரல், மாட்டு ஈரலில் தாமிரமும் கோழி ஈரலைப் போலப் பல மடங்கு. தாமிரத்தை ஈரலில் தேக்கும் சுபாவம் லாப்ரடார்களுக்கு உண்டு. ஆட்டுத்தொட்டியில் நுரையீரலையும் ஈரலையும் பச்சையாக நாய்க்கு எறிவது இன்னொரு பெரிய தப்பு. அதிலிருக்கும் நீர்க்கட்டிகள் நாயின் குடலில் நாடாப்புழுவாகி, முட்டைகள் நாயின் மலத்தில் வெளியேறி, கடைசியில் வீட்டு மனிதரின் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டியாக வளரும். எந்த உள்ளுறுப்பும் நன்றாக வெந்தாக வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் கோழிக்குப் பதில் கொழுப்பு நீக்கிய மாட்டிறைச்சி போட முடிந்தால் துத்தநாகத்துக்கு நல்லது.

கோழிக்கடைத் தலை, காலுக்கு வருவோம். காலில் இருப்பது தோல், நரம்பு, எலும்பு. அதன் புரதம் பெரும்பாலும் கொலாஜன்; டிரிப்டோஃபன் என்ற அமினோ அமிலம் அதில் கிடையாது. ருசிக்கு ஒன்றிரண்டு போடலாம், கறிக்குப் பதிலாக அதையே நம்ப முடியாது. போடுவதானால் குக்கரில் ஒரு மணி நேரமாவது வைத்து, விரலால் நசுக்கினால் எலும்பு மாவாகிற பதத்துக்கு வர வேண்டும். நாலு விசிலில் இறக்கிய எலும்புதான் ஆபத்து: வெந்து காய்ந்து, கடித்தால் ஊசியாகப் பிளக்கும். தொண்டையில் நிற்கும், குடலைக் கிழிக்கும். மாவான எலும்பும் அளவு மீறினால் மலம் சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெளுத்து இறுகும். எலும்பில் எவ்வளவு கால்சியம் இறங்கியது என்று நிறுத்துப் பார்க்கவும் வழியில்லை. ஓட்டுத்தூள் அந்தத் தலைவலியே இல்லாதது.

நான்கு நாளைக்குச் சேர்த்துச் சமைப்பது வசதி. கறி 1 கிலோ (எலும்போடு வாங்கினால் ஒன்றரைக் கிலோ), அரிசி 280 கிராம், மற்றவை எல்லாம் நான்கு மடங்கு. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிப்பதைப் பார்த்து வெந்துவிட்டது என்று ஏமாறுவது இதனால்தான். குக்கருக்குள்ளும் சமவெளியைவிடச் சில டிகிரி குறைவு. கோயம்புத்தூரில் 4 விசிலில் குழைகிற அரிசி இங்கே 6, 7 கேட்கும். கொடைக்கானலிலும் இதே கதைதான். அரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து, ஒன்றுக்கு நாலு தண்ணீர் வைத்து, விசில் முடிந்தபின் சிறுதீயில் 10 நிமிடம் விடுங்கள். நாய் மெல்லாமல் விழுங்கும் பிராணி; விறைப்பாக நிற்கும் சோறு அப்படியே வெளியே வரும். ரேஷன் புழுங்கல் அரிசியே போதும், பொன்னி வேண்டியதில்லை.

கேரட்டும் அப்படித்தான். துண்டு போட்டு வேகவைத்தால் போட்ட துண்டு போட்டபடி மறுநாள் புல்வெளியில் கிடக்கும். துருவியில் துருவி, கறி பாதி வெந்ததும் அதோடு சேர்த்து வேகவிடுங்கள். முட்டைக்கோசும் நூல்கோலும் வாயு, கொஞ்சமாக. பீட்ரூட் போட்ட மறுநாள் மலம் சிவந்தால் ரத்தம் என்று பதறி டவுனுக்கு ஓட வேண்டாம். மத்தியைத் தலையும் குடலும் நீக்கி, தனியே சின்னப் பாத்திரத்தில் வைத்துக் குக்கரில் 40 நிமிடம் வேகவைத்தால் முள் கரைந்துவிடும். மலையேறி வரும் மீன் ஆனதால் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குங்கள். பழுப்பாக இருந்தால் முட்டையோடு நிறுத்திக்கொள்ளலாம். முட்டையும் வெந்ததே வேண்டும். பச்சை வெள்ளைக் கருவிலிருக்கும் அவிடின் என்ற புரதம் பயோட்டின் என்ற வைட்டமினைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

எண்ணெய், ஓட்டுத்தூள், வைட்டமின்–தாதுக் கலவை மூன்றும் சமையல் பானையில் போடும் சாமான் இல்லை. சூட்டில் சில வைட்டமின்கள் கெடும். ஓட்டுத்தூள் அடியில் படிந்து, முதல் நாள் தட்டில் ஒன்றும் இல்லாமல் கடைசி நாள் தட்டில் மொத்தமும் விழும். ஒவ்வொரு நாளும் தட்டில் போட்ட பிறகு, கை பொறுக்கும் சூட்டில் கலக்குங்கள்.

புதுச் சோற்றுக்கு மாறும்போது பழையதில் கால் பங்கை எடுத்துவிட்டுப் புதியதைச் சேர்த்து, இரண்டு மூன்று நாளைக்கொருமுறை கூட்டி, 10 நாளில் முழுதாக மாற்றலாம். ஒரே நாளில் மாற்றினால் பேதி நிச்சயம். அப்போது பழி கறி மேல் விழும்.

மழையில் மண் சரிந்து மேட்டுப்பாளையம் சாலை அடைபட்டால் கறிக்கடை மூடிக்கிடக்கும். அந்த நாளில் 100 கிராம் கறிக்கு 3 முட்டை என்று மாற்றலாம். புரதம் கிட்டத்தட்ட ஈடாகிவிடும், கலோரி மட்டும் 90 கூடும். அதற்கு 25 கிராம் அரிசியைக் குறைத்துக்கொள்ளுங்கள். கருவாடு போட்டுச் சமாளிப்பவர்கள் உண்டு. எத்தனை தண்ணீரில் ஊறவைத்தாலும் அதன் உப்பு முழுதாக இறங்காது.

சேர்க்கக் கூடாதவற்றில் நம் வீட்டில் முதல் இடம் வெங்காயமும் பூண்டும். நாயின் சிவப்பணுக்களை உடைக்கும் கந்தகச் சேர்மங்கள் அவற்றில் உண்டு. வேகவைத்தாலும் வறுத்தாலும் போகாது. உண்ணி போகும், புழு சாகும் என்று மலைப்பூண்டைத் தட்டிப் போடுவது இந்தப் பக்கம் பழக்கம். கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு, மணம் உண்டு, காரம் உண்டு. நாய்க்கு மட்டும் வேண்டாம். சாம்பார் சோறு, ரசம் சோற்றில் இந்த இரண்டோடு புளியும் சேர்கிறது. திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுப்பதற்கு டார்டாரிக் அமிலமே காரணம் என்று 2021 முதல் நச்சியல் மருத்துவர்கள் கருதுகிறார்கள். அதே அமிலம் நிறைந்தது புளி. மிஞ்சிய ரசத்தை ஊற்றிப் பிசைவது சிக்கனம்போலத் தோன்றும், விட்டுவிடுங்கள்.

ஊட்டி சாக்லேட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. டார்க் சாக்லேட்டில் நாய்க்கு நஞ்சான தியோபுரோமின் கிராமுக்குச் சுமார் 5 மில்லிகிராம். எடை கிலோவுக்கு 20 மில்லிகிராம் உள்ளே போனாலே வாந்தியும் படபடப்பும் தொடங்கும். 10 கிலோ நாய்க்கு 40 கிராம், இரண்டு மூன்று துண்டு. உலர்திராட்சை பதித்த சாக்லேட் என்றால் இரட்டை விஷம். உருளைக்கிழங்கு நல்லதுதான், தோல் சீவி வேகவைத்தால். பச்சை நிறம் ஓடியதும் முளை விட்டதும் வேண்டாம். அந்த நஞ்சு வேகவைப்பதில் அழியாது. ஏப்ரல், மே மாதத்துப் பிளம்ஸ், பீச் பழங்களில் கொட்டையும் பட்டர் ஃப்ரூட்டில் அந்தப் பெரிய விதையும் குடலை அடைத்துவிடும்.

"ஊட்டியே ஃப்ரிட்ஜ்தானே" என்று குக்கரோடு மேடையில் விட்டுவைப்பது மலையில் மட்டுமே நடக்கும் தப்பு. இரவில் சமையலறை 12, 14 டிகிரி இருக்கும். ஃப்ரிட்ஜ் என்பது 4 டிகிரி. வெந்த சோற்றிலும் சாகாத ஒரு வகை பாக்டீரியாவின் ஸ்போர்கள் (உறங்கும் வித்துகள்), குக்கருக்குள் மெல்ல ஆறும் அந்த நடுச்சூட்டில் பெருகத் தொடங்கும். இறக்கியதும் அகலத் தட்டில் பரப்பி, ஆவி அடங்கியதும் ஒரு நாள் பங்கை ஒரு டப்பா என்று பிரித்து, 2 நாளைக்கானதை ஃப்ரிட்ஜிலும் மீதியை ஃப்ரீசரிலும் வையுங்கள். போடும்முன் நன்றாகச் சூடாக்கி, வெதுவெதுப்புக்கு ஆறவிட்டு, கிளறிவிட்டுத் தட்டில் போடவும். மைக்ரோவேவில் ஓரிடம் ஆறியிருக்க இன்னோரிடம் நாக்கைச் சுடும்.

உறைபனிக் காலத்தில், வெளியில் படுக்கும் காவல் நாய்க்குக் கலோரி கூட வேண்டும். பத்து சதவீதத்தில் தொடங்குங்கள்: 15 கிலோ நாய்க்கு 85 கலோரி, இரண்டு டீஸ்பூன் எண்ணெய். இரண்டு வாரம் கழித்து நிறுத்துப் பார்த்து அடுத்ததை முடிவு செய்யலாம். அடுப்பங்கரையில் சுருண்டு கிடக்கும் நாய்க்கு டிசம்பரும் மே மாதமும் ஒன்றுதான். விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தக் கூடாது. தட்டுப்படவில்லை என்றால் அரிசியைக் குறையுங்கள். கறியையும் ஓட்டுத்தூளையும் குறைக்காதீர்கள்.

மாலைச் சோறு வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குள் முடிந்துவிட வேண்டும். எண்ணெயும் மீனும் பிசைந்த தட்டு வாசலில் கிடந்தால் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் கரடி வரும், காட்டுப்பன்றி வரும். தட்டின் பக்கத்தில் கட்டியிருக்கும் நாயைத் தேடிச் சிறுத்தை வரும். மிச்சத்தைத் தோட்டத்தில் வீசாமல், தட்டைச் சுடுதண்ணீரில் கழுவி உள்ளே கவிழ்த்து வையுங்கள். நாயும் உள்ளேயே படுக்கட்டும்.